பிறர் கைக்குப் போன வேலைகள்

நானே பதிப்பித்த என் நான்காவது நாவல் அச்சாகி வந்த சமயத்தில், 2025 தொடக்கத்தில், 46 நாட்கள் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான் அது தெரிந்தது. அத்தனை நாளும் சும்மா இருக்கவில்லை. காலை ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை அந்த நாவலுக்கான வேலைதான்.

மதுரையில் என் வீட்டு முன்னறைதான் கிடங்கு. 208 பக்கம், டெமி அளவு, 300 பிரதிகள். சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் அதிகம். பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும், முகவரியில் பின்கோடு விட்டுப்போயிருந்தால் திரும்பக் கேட்க வேண்டும், அட்டை வைத்துக் கட்ட வேண்டும். முந்தைய டிசம்பரில்தான் அஞ்சல் துறை ரெஜிஸ்டர்ட் புக் போஸ்டை நிறுத்தியிருந்தது. குறைந்த செலவில், கையெழுத்து வாங்கிப் புத்தகத்தைக் கொடுத்த சேவை அது. சின்னப் பதிப்பாளர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பார்சல் கட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு புத்தகத்தைத் தூத்துக்குடிக்கு அனுப்ப ஸ்பீட் போஸ்ட் கட்டுப்படியாகுமா, கூரியரா என்று பார்ப்பதிலேயே பொழுது போகும்.

உடம்பு களைத்தால் தூங்கி எழுந்து சரிசெய்துவிடலாம். என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரு வாசகி, நாவலில் வரும் கிழவியைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்து முடித்ததும் எனக்குள் எதுவுமே நிகழவில்லை. ‘இவருக்குப் பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று மட்டும் தோன்றியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லாமல், வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, முன்புபோல் வேலை ஓடாதது. அந்த இரண்டாவதைப் படித்தபோது கடிதம் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் கூடவே வாழ்ந்த ஒரு கிழவி எனக்கு எடை போட்டு ஒட்டும் பொருளாகிப் போயிருந்தாள்.

சில வேலைகளைப் பிறர் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் கொடுத்தது பார்சல் கட்டுவதை. மாடி வீட்டில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் வாரம் இரண்டு மாலை வந்து கட்டித் தருகிறான். பார்சலுக்கு இவ்வளவு என்று பேசி, அன்றன்றே கொடுத்துவிடுகிறேன். “அண்ணே, அடுத்த மாசம் சேத்து வாங்கிக்கிறேன்” என்பான். நான் கேட்பதில்லை. எழுத்துலகில் எனக்கே வரவேண்டிய பணத்துக்கு அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு என்னால் நிம்மதியாக எழுத முடியாது.

இரண்டாவதாகக் கொடுத்ததில் தவறிவிட்டேன். விளம்பர வேலை செய்து தரும் ஒரு நிறுவனத்திடம் என் முகநூல் பக்கத்தை ஒப்படைத்தேன். ‘கண்ணீரை வரவழைக்கும் காவியம்’ என்று என் பெயரில் என் நாவலைப் பற்றியே ஒரு பதிவு வந்தது. பழைய வாசகர் ஒருவர், “இது நீங்க எழுதினதா சார்?” என்று கேட்டார். அன்றே நிறுத்தச் சொன்னேன். கட்டிய பணம் திரும்பவில்லை. என் பெயரில் போகும் எந்த வாக்கியத்தையும் நான்தான் எழுத வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். வாரத்துக்கு ஒரு பதிவுதான் முடிகிறதா, சரி, ஒன்று போதும்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களும் உண்டு. நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. விண்ணப்பத்தை நாமே நிரப்பிவிடலாம். கிண்டிலில் ஏற்றுவதையும் நானே வைத்துக்கொண்டேன். புத்தகத்துக்கு ஒரு முறை செய்யும் வேலை, அதில் யாரும் களைத்துவிட மாட்டார்கள்.

பக்க வடிவமைப்பு அப்படியல்ல. பழைய எழுத்துருவில் அடித்த அத்தியாயங்களை யூனிகோடுக்கு மாற்றினால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். மூன்றாவது நாவலில் அதைச் சரிசெய்தே இரண்டு வாரம் போனது. இப்போது அச்சக வேலை தெரிந்த ஒருவர் செய்கிறார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில், கடைசியில் வெற்றுப் பக்கம் மிஞ்சாதபடி அமைத்துத் தருகிறார்.

மெய்ப்புப் பார்ப்பதை மட்டும் கடைசிவரை கொடுக்கத் தயங்கினேன். என் வரியை இன்னொருவர் தொடுவதா என்ற எண்ணம். ஆனால் எழுதியவன் கண், தாளில் இருப்பதைவிட மனதில் இருப்பதைத்தான் படிக்கும். நாலு முறை பார்த்த பக்கத்திலும் ஒற்றுப்பிழை தங்கிவிடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பக்கத்துக்கு இவ்வளவு என்று, ஒப்புக்கொண்டார். முதல் அத்தியாயம் திரும்பி வந்தபோது ‘அவுக’ எல்லாம் ‘அவர்கள்’ ஆகியிருந்தது, ‘வெஞ்சனம்’ ‘தொடுகறி’ ஆகியிருந்தது. தவறு அவருடையதில்லை. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து, தொடக்கூடாத சொற்களை ஒரு பட்டியலாக எழுதினேன். உரையாடலில் பேச்சு வழக்கு அப்படியே இருக்கட்டும், நான் கதை சொல்லும் இடத்தில் சந்தியைத் தாராளமாகத் திருத்துங்கள் என்று கூடவே எழுதிக் கொடுத்தேன். வேலையை இன்னொருவரிடம் கொடுக்க, நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் நாமே தெளிய வேண்டியிருக்கிறது. எனக்கு அது மூன்று பக்கம் வந்தது.

இப்போது ஐந்தாவது நாவல் அவரிடம் இருக்கிறது. போன வாரம் போன் செய்தார்.

“தம்பி, மூணாம் அத்தியாயத்துல அந்தப் பெரியவருக்கு இடது கண்ணுல புரைன்னு இருக்கு. பதினொண்ணுல வலது கண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எந்தக் கண்ணு?”

உடனே சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் டீச்சர் என்றேன். இரண்டு நாள் அந்தப் பெரியவரோடுதான் இருந்தேன். திண்ணையில் எந்தப் பக்கமாக உட்காருவார், பேரன் எந்தப் பக்கம் வந்து நின்றால் திடுக்கிடுவார், தெருமுனையில் வரும் பேருந்தை முகத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடி வீட்டுத் தம்பி முன்னறையில் டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் போன் செய்தேன்.

“இடது கண்ணுதான், டீச்சர்.”