2,799 ரூபாய் டேக்கும் ஒரு மொஜிட்டோவும்

ஆயத்த ஆடை ஒரு பீஸ் வரி சேர்க்காமல் 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. அப்படியென்றால் ரெடிமேட் குர்தாவுக்கு வரி உட்பட 2,799 ரூபாய் என்று டேக் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத வரி என்று பிரித்தால், வரியில்லாத மதிப்பு 2,665 ரூபாய் சொச்சம். அது 2,500-ஐத் தாண்டுகிறது, ஆகவே 18 சதவீதம் போட வேண்டும். சரி என்று 18-ஆகப் பிரித்தால் 2,372 ரூபாய். இது 2,500-க்குள்தான் இருக்கிறது, ஆகவே 5 சதவீதம். மறுபடியும் முதலிலிருந்து! 2,625-க்கு மேல் 2,950 வரை எந்த டேக்கை எடுத்தாலும் இதே கூத்துதான்.

ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றின் ஆன்லைன் விற்பனையை மாற்றியமைக்கும் வேலை எங்கள் கைக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று முடிவை அறிவித்தது, 22-ஆம் தேதி முதல் அமல். அதுவரை ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. இனி 2,500 வரை 5, மேலே 18. தீபாவளி அக்டோபர் 20. சீசன் நெருங்கும்போது சைட்டில் கை வைக்க எந்த ஜவுளிக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

சைட் ஓடிக்கொண்டிருந்தது மெஜெண்டோ என்ற ஆன்லைன் கடை மென்பொருளின் முதல் பதிப்பில். அதற்கான ஆதரவு 2020 ஜூனோடு நின்றுபோனது. முன்பு வேலை பார்த்தவர்கள் பழைய வரம்பான 1,000 என்ற எண்ணைக் கார்ட்டில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை, துணி ரிட்டர்னில் ஒரு முறை என்று நேரடியாகவே எழுதி வைத்திருந்தார்கள். கார்ட்டில் தள்ளுபடி போக மிச்சத்தைப் பார்க்கும், ரிட்டர்னில் தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்க்கும். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய துணி திரும்பி வந்தால் கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி.

கடைக்காரரோடு கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் உட்கார்ந்தோம். மெனுவில் மொஜிட்டோ என்று பார்த்ததும் "நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "இது வெறும் புதினா, எலுமிச்சை, சோடாதாங்கண்ணா" என்று சொன்ன பிறகுதான் மனசு வந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து ஹெட்லெஸ், காம்போசபிள் என்று எங்கள் தொழிலில் புழங்கும் வார்த்தைகளையெல்லாம் இறக்கினேன். அதாவது கார்ட் தனி, விலை தனி, வரி தனி, ஸ்டாக் தனி என்று தனித்தனிச் சேவைகள்; ஒன்றோடொன்று ஏபிஐ என்ற இணைப்பு வழியாகப் பேசும், வேண்டியதை மட்டும் கழற்றி மாட்டலாம். எதிரே கவுண்டரில் வரிசையாக நின்ற சிரப் பாட்டில்களைக் காட்டி, அதைப் போலத்தான், நாலைந்தை வைத்து எத்தனை வகை கிளாஸ் வேண்டுமானாலும் கலக்கலாம் என்றேன்.

ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "பாட்டில் எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம் தம்பி. ராத்திரி அத்தனையும் கழுவி வெக்கிறது யாருங்க?"

நியாயமான கேள்வி. அவர் கடையில் கணினி பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பையன். பத்துச் சேவைகளை ஓட விட்டால் நடுராத்திரி எது நின்றதென்று தேடவே ஆள் வேண்டும். எது அடிக்கடி மாறுகிறது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை: "வரி, தள்ளுபடி. மத்ததெல்லாம் அப்படியேதான இருக்குது?" அந்த இரண்டை மட்டும் வெளியே எடுப்பது, மற்றதைத் தீபாவளி கழித்துப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது.

வரிக்கு ஓர் அட்டவணை போட்டோம்: பொருள் எந்த வகை என்று சொல்லும் எச்எஸ்என் குறியீடு, உச்ச வரம்பு, சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, எதுவரை. 22-ஆம் தேதிக்கான புது விகிதம் முன்கூட்டியே உள்ளே போய்விட்டது, அன்றைக்கு யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. புடவைக்கு வரம்பே கிடையாது. தைக்காத துணி, என்ன விலையானாலும் 5 சதவீதம். பில் போட்ட நேரத்து வரி விகிதத்தை ஆர்டரோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம். 12 சதவீதத்தில் விற்றது அக்டோபரில் திரும்பி வந்தால், பில்லைக் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டும் 12-லேயே போக வேண்டுமல்லவா?

படுத்தி எடுத்தது கூப்பன். வரியில்லாமல் 2,600 ரூபாய்க்கு ஒரு குர்தா, 1,400-க்கு இன்னொன்று, மொத்தத்துக்கு 180 ரூபாய் கூப்பன் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பாதி பிரித்தால் முதல் குர்தா 2,510, வரி 18 சதவீதம். விலை விகிதப்படி பிரித்தால் 117 கழிந்து 2,483, வரி 5 சதவீதம். ஒரே கூப்பன், வரியில் முந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! ஆடிட்டர் விகிதப்படிதான் என்று எழுதியே கொடுத்தார். அந்த மெயிலை நிரலுக்குப் பக்கத்திலேயே குறிப்பாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

2,799 சிக்கலுக்கு நிரலில் மருந்து கிடையாது. அந்த 2,625 - 2,950 இடைவெளியில் டேக் போட்டால் அட்மின் பக்கம் ஏற்காது, அவ்வளவுதான். 2,799-ம் 2,899-ம் சேல்ஸ்காரர்களுக்குச் செல்லப்பிள்ளைகள். கொஞ்ச நாள் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு 2,599, 2,999 என்று பழகிக்கொண்டார்கள். பழைய 12 சதவீதக் காலத்திலும் 1,099 டேக்குக்கு இதே வியாதிதான். அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்து கார்ட், ஆர்டர் இரண்டையும் மெடூசா என்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றினோம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வரிச் சேவை தொடாமலே மாட்டிக்கொண்டது. இப்போது கடைக் கவுண்டர் பில்லும் அதையே கேட்கிறது. நெட் போனால் பில் நிற்கக் கூடாது என்பதால் அட்டவணையின் நகல் ஒன்று கவுண்டர் கணினியிலும் இருக்கிறது, காலையில் கடை திறக்கும்போது புதுப்பித்துக்கொள்ளும்.

குர்தா, பேண்ட், துப்பட்டா மூன்றும் சேர்த்து ஒரே விலையில் விற்கும் செட்டை மட்டும் இன்னும் உள்ளே விடவில்லை. எது ஒரு பீஸ் என்பதை ஒவ்வொரு செட்டுக்கும் ஆடிட்டரிடம் கேட்டு, பையன் கையால்தான் போடுகிறான்.