பிடித்த மீனைப் படகோரம் தொங்கவிடாதீர்கள்

எனக்கு ஊர் நீரோடி. கேரள எல்லை தாண்டிப் பூவார் பக்கம் போய், தூண்டில் போட வருகிறவர்களைக் கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் சிறு படகில், கடலுக்குக் கூட்டிப்போவது வேலை. "அண்ணா, இங்க சுறா இருக்கா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இருக்கிறது. பக்கத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். ஆனால் அது தேடி வருவது நம்மை அல்ல, தூண்டிலில் கிடக்கும் மீனை.

மீனின் துடிப்பும் ரத்த வாடையும் தண்ணீரில் வெகுதூரம் போகும். பிடித்ததைக் கயிற்றில் கோத்துப் படகோரம் தொங்கவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. என்னோடு வந்தால் அது நடக்காது. மீன் நேரே ஐஸ் பெட்டிக்குள். குடல் எடுப்பதெல்லாம் கரையில். வெளியே தொங்கும் காலும் உள்ளே வந்துவிட வேண்டும்.

ஒருமுறை நல்ல நெய்மீன் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, லேசாகிவிட்டது. சுற்றி எடுத்தால் தலை மட்டும். செவுளுக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரே வெட்டு, வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வந்தவருக்கு அங்கேயே இன்னொரு தூண்டில் போட ஆசை. நான் துடுப்பைக் கையில் கொடுத்தேன். சுறா தின்னப் பழகிய இடத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுறாவே மாட்டினால் நரம்பை அறுத்துவிடுவேன். கத்தி எப்போதும் லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் இருக்கும். "நரம்பக் கையில சுத்தாத மக்கா" என்று கட்டுமரத்தில் போன மாமாமார் சொன்னது கயாக்குக்கும் பொருந்தும். பெரிய மீன் ஒரு இழுப்பில் ஆளையே தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும்.

படகையே சுறா கடிப்பது அபூர்வம், ஆனால் நடக்கும். 2023 மே மாதம் ஹவாயின் ஓவாஹு தீவருகே, மீன்பிடித்துக்கொண்டிருந்தவரின் கயாக்கைப் புலிச்சுறா ஒன்று வந்து மோதிக் கடித்தது. காயம்பட்ட கடல்நாய் என்று நினைத்திருக்கலாம் என்றார் அவர். கலங்கிய தண்ணீரில் இப்படித் தப்பாக நினைப்பது இன்னும் எளிது. அதனால்தான் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் கலங்கிக் கிடக்கும் நாளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை. வாடகை போனால் போகட்டும்.

உண்மையில் எனக்குச் சுறாவைவிடத் திருக்கையிடம்தான் பயம். அதைப் படகில் ஏற்றவே விடமாட்டேன். வாலின் முள் ஏறினால் வலி உயிர்போகும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமுக்கி வைத்தால் வலி தணியும். சூட்டில் முள்ளின் விஷம் வலுவிழந்துவிடும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்திய முள்ளை மட்டும் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கரையில் எங்கள் சாமான்களோடு ஒரு பெரிய பிளாஸ்க் வெந்நீர் இதற்காகவே இருக்கும்.