அருவியை மறைத்த மூக்கு

எங்கள் வீட்டு மூக்கு தூத்துக்குடியிலிருந்து வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதுவதற்காகக் குன்னூருக்கு மலையேறிய தாத்தா கையோடு கொண்டுவந்த டிரங்குப் பெட்டி எப்போதோ துருப்பிடித்து எடைக்குப் போய்விட்டது. அகன்ற துவாரங்களும் உருண்ட நுனியும் கொண்ட அவருடைய மூக்கு மட்டும் அப்பா வழியாகச் சேதாரமின்றி என்னிடம் வந்து சேர்ந்தது. பெண்களை “மூக்கும் முழியுமாக இருக்கிறாள்” என்று பாராட்டுவது நம் வழக்கம். என் விஷயத்தில் உறவினர்கள் முழியைப் பற்றிச் சொல்லிவிட்டு நாகரிகமாக நிறுத்திக்கொள்வார்கள்.

மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்கச் சித்தி குடும்பத்தோடு வந்திருந்தபோது, ஊட்டிக் கூட்டத்தில் நசுங்கியது போதும் என்று மறுநாள் அவர்களை டால்பின் நோஸுக்கு அழைத்துச் சென்றேன். மலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரும்பாறைக்கு டால்பினின் மூக்கென்று பெயர் வைத்து, அதைப் பார்க்கக் கட்டணமும் வாங்குகிறார்கள். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலும் இதே பெயரில் ஒரு பாறை இருக்கிறது. நீண்டதொரு மூக்குக்கு நீலகிரி, பழனி என இரண்டு மலைகளிலும் இத்தனை மரியாதை கிடைப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆறுதலான செய்தி.

நாங்கள் போய் நின்ற நேரம் பார்த்து, எதிரே தெரிய வேண்டிய கேத்தரின் அருவியை மேகம் முழுவதுமாக மூடிவிட்டது. வந்ததற்கு ஒரு செல்ஃபியாவது எடுப்போம் என்று சித்தி மகன் சொல்ல, கை நீளமானவள் என்ற ஒரே தகுதியால் கைப்பேசி என்னிடம் தரப்பட்டது. அந்தப் படத்தில் பின்னணி முழுக்க வெண்மை. அதன் முன்னே, ஓரங்களில் நின்ற அனைவரையும் சிறுவர்களாக்கிவிட்டு, நட்டநடுவே என் மூக்கு. சிக்னல் கிடைத்ததும் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. தூத்துக்குடியிலிருந்து மாமா உடனே எழுதினார்: “டால்பின் நோஸ் அருமையாக விழுந்திருக்கிறது. அருவியைத்தான் காணோம்.”

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் வர்க்கியை நனைத்துத் தின்றபடியே, “ஏட்டி, மூக்கச் சின்னதாக்க இப்ப ஆபரேஷன் இருக்காம்லா?” என்று சித்தி ஆரம்பித்தார். எள்ளுப்பூ நாசிக்காரர் அவர். கவலைப்பட வேண்டிய மூக்கு தமக்கு இல்லாததால் பிறர் மூக்கைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கிறது.

நான் கைப்பேசியைக் கடைக்காரரிடம் கொடுத்து, நாலைந்து எட்டு பின்னால் போய் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதில் என் மூக்கு, முகத்தில் தனக்குரிய இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு சாண் தூரத்தில் கேமராவைப் பிடித்தால் காதைவிட மூக்கு அதற்கு மிக நெருக்கமாகிவிடுவதால், நெருக்கமாக உள்ளது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் பதிவாகிறது. பன்னிரண்டு அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்றும், ஐந்தடி தூரம் போனால் அந்தக் கோளாறு ஏறக்குறைய இல்லாமலாகிறது என்றும் 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைத் திருத்தச் சொல்பவர்கள் பெருகியதால்தான் அவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்பட்டது. ஆபரேஷனுக்குக் கேட்கும் காசில் ஆளை வைத்தே படமெடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

“அப்ப அந்த அகலம்?” என்றார் சித்தி, விடாமல். அகலத்துக்கும் காரணம் உண்டு. மூக்குத் துவாரத்தின் அகலம், முன்னோர் வாழ்ந்த ஊரின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் தொடர்புடையது என்று 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. குளிர் நாட்டில் குறுகிய மூக்கு அதைச் சிறப்பாகச் செய்யும், புழுக்கமான கடற்கரையில் அந்தச் சிரமம் தேவையில்லை. ஆக, என்னுடையது தூத்துக்குடிக்கென்று அளவெடுத்துச் செய்த மூக்கு. ஸ்வெட்டர் எடுக்காமல் மலையேறிவிட்ட வெளியூர்க்காரர் போல அது ஜனவரி மாதங்களில் சிவந்துபோய், ஒழுகிக்கொண்டே, ஆனாலும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊருக்குக் கிளம்புமுன் சித்திக்கு மூக்குத்தி வாங்க வேண்டியிருந்தது. பஜாரில் ஒரு சின்ன நகைக்கடை. பட்டறையில் இருந்த வயதான ஆசாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சித்தியை விட்டுவிட்டு என் முன்னால் ஒரு சிவப்புத் தாளைப் பிரித்தார். உள்ளே வெள்ளைக்கல்லில் எட்டுக்கல் பேசரி. “இதெல்லாம் இந்த மாதிரி மூக்குலதாம்மா எடுப்பா நிக்கும். இப்ப வர்ற பிள்ளைகளுக்கு எங்க வைக்கிறது?” என்றார். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பொட்டு மூக்குத்தியோடு காலந்தள்ளி வந்த நான் அதைக் கழற்றிவிட்டுப் பேசரியைப் போட்டுத் திருகினேன். எட்டுக் கல்லும் தாராளமாக உட்கார்ந்தன. இன்னும் இரண்டுக்கு இடம் இருந்தது.

சித்தியும் போட்டுப் பார்த்தார். நுனியிலிருந்து கன்னம்வரை கல்லாகவே தெரிந்தது. “உங்களுக்கு ஒத்தைக்கல்லே ஜாஸ்திம்மா” என்று ஆசாரி தயவுதாட்சண்யமின்றிச் சொல்லிவிட, சித்தி அந்த ஒற்றைக்கல்லுக்கே பேரம் பேசத் தொடங்கினார். நான் பேசரிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, மாமாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொல்லி, சித்தி மகனைத் தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்.