கொட்லின் மல்டிபிளாட்ஃபோர்ம்: "கனடாக்காரருக்கும் வருமோ?"

யாழ்ப்பாணத்தில் செயலி செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு பழைய தலையிடி உண்டு. இங்கே இருப்பவர் கையில் அன்ட்ரொய்ட், அவருக்குக் காசு அனுப்புகிற தமையன் கையில் ஐபோன். ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ, யாரிடம் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி அதுதான்: "தம்பி, கனடாக்காரருக்கும் வருமோ?" வராது என்று சொன்னால் தேத்தண்ணியோடு எழும்பி வரவேண்டியதுதான்.

நான் அன்ட்ரொய்ட்காரன், கையில் இருப்பது அன்ட்ரொய்ட் செயலிகளை எழுதும் கொட்லின் என்ற நிரல் மொழி ஒன்றுதான். ஒரே கோடில் இரண்டு ஃபோனுக்கும் செயலி செய்யும் கூகுளின் கருவி ஃப்ளட்டர், அதன் 1.0 வந்தது 2018 டிசம்பரில், அன்று முதல் கூடப் படித்த பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நல்லாகத்தான் உழைக்கிறார்கள், ஆனால் அதற்காக டார்ட் என்ற அதன் மொழியைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கொட்லினை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ்காரரே தருகிற கொட்லின் மல்டிபிளாட்ஃபோர்மைக் கையில் எடுத்தேன். கொட்லினில் ஒருமுறை எழுதியதை இரண்டு ஃபோனிலும் ஓடவிடுகிற கருவி அது. முழுக்கப் புதிது என்று சொல்லமுடியாது. 2023 நவம்பரில் கொட்லின் 1.9.20 உடன் அது ஸ்டேபிள் ஆனது, அதாவது நம்பிப் பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு வந்தது, ஆனால் திரைகளையும் ஒருமுறை எழுதி இரண்டிலும் ஓடவிடுகிற கொம்போஸ் மல்டிபிளாட்ஃபோர்ம் ஐபோனுக்கு ஸ்டேபிள் ஆனது 2025 மே மாதம்தான். அதற்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிவு வரவில்லை.

செய்து பார்த்தது ஒரு கோயில் உபயகாரர் செயலி. எந்தத் திருவிழா யாருடைய உபயம், காசு கட்டியாயிற்றா, பற்றுச்சீட்டு போயிற்றா, அன்று பூசை எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். உபயகாரரில் பாதிப் பேர் வெளிநாட்டில். கேட்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும், ஆனால் இங்கே காலை 5 மணிப் பூசை ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 7.30, அங்கே குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை மாற்றினால் 6.30. இந்த நேரக் கணக்கையும் நிலுவைக் கணக்கையும் ஒரே இடத்தில் கொட்லினில் எழுதினேன், இரண்டு ஃபோனிலும் ஒரே விடை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐபோன் பக்கத்துக்கு அது எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக, ஃபோன் நேரே ஓட்டும் மெஷின் கோடாகக் கம்பைல் ஆகிறது, இடையில் ஜாவாஸ்கிரிப்டும் இல்லை செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவும் இல்லை, வேகத்தைப் பற்றி யோசிக்கவே தேவை வரவில்லை.

சிக்கல் வந்த இடம் தமிழ். எழுத்து உடைந்தது என்று நினைக்கவேண்டாம், உருவம் இரண்டு ஃபோனிலும் ஒழுங்காகவே வந்தது. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வட்டம், அதற்குள் முதலெழுத்து, எல்லாச் செயலியிலும் இருக்கிறதே, அது. கொட்லினில் ஒரு பெயரின் ஃபர்ஸ்ட் என்று கேட்டால் கோபாலபிள்ளைக்கு 'க' தருகிறது, சிவசுப்பிரமணியத்துக்கு 'ச' தருகிறது. கொட்லின் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை, அதன் கண்ணுக்கு 'கோ' என்பது ககரமும் கொம்பும் காலும் சேர்ந்த குறியுமாக இரண்டு துண்டு. 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று. ஆப்பிளின் மொழியான ஸ்விஃப்டில் இதே கேள்வியைக் கேட்டால் 'கோ' என்று முழு எழுத்தாகவே வரும், அந்த மொழியை வகுத்தவர்கள் எழுத்து என்றால் என்ன என்று கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கிறார்கள்.

பொதுவான கோடுக்குள் இதற்கு ஒரு தயார் வழி கிடையாது. எக்ஸ்பெக்ட் என்று போட்டு 'முதலெழுத்தைத் தரும் ஒரு ஃபங்ஷன் வேண்டும்' என்று மட்டும் பொதுப் பக்கத்தில் எழுதி, ஆக்சுவல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அதை நிறைவேற்றவேண்டும். ஒரு எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க அன்ட்ரொய்ட் பக்கம் பிரேக் இட்டரேட்டர், ஐபோன் பக்கம் ஆப்பிளின் என்எஸ்ஸ்ட்ரிங். ஐபோன் பக்கத்தையும் கொட்லினிலேயே எழுதலாம், ஆப்பிளின் நூலகங்களை அது நேரே கூப்பிடுகிறது. இந்த இடத்தில்தான் இந்தக் கருவி எனக்குப் பிடித்துப்போனது. இப்படி ஒன்று வேறு சில கருவிகளில் வந்தால் யாரோ ஒருவர் எழுதி வைத்த பிளக்இன்னைத் தேடி, அது போன வருடத்தோடு கைவிடப்பட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இங்கே நாலைந்து வரியில் நானே எழுதினேன். அகரவரிசைக்கும் இதே பாடுதான்: எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடில் ர, ற, ல, ள, ழ, வ என்று கிடக்கிறது, சும்மா அடுக்கினால் நம் வரிசை வராது, அதற்கும் இரண்டு பக்கமும் மொழியின் வரிசைப்படி அடுக்கும் கொலேட்டரைக் கூப்பிடவேண்டியிருந்தது.

திரைகளைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. அன்ட்ரொய்டில் இது கூகுளின் வழமையான திரைக் கருவியான ஜெட்பக் கொம்போஸ், வித்தியாசமே இல்லை. ஐபோனில் ஆப்பிளின் பொத்தான்கள் வருவதில்லை, ஸ்கியா என்ற நூலகத்தால் தானே வரைகிறது, ஃப்ளட்டரின் வழியும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்க்ரோல் பண்ணும்போது ஐபோன் போலவே வழுக்குகிறது, ஆனால் கூகுளின் மெட்டீரியல் பாணிப் பொத்தான்களைப் பார்த்ததும் இது ஊரிலிருந்து வந்தது என்று லண்டன்காரர் கண்டுபிடித்துவிடுவார். கோயில் பட்டியலுக்கு அது போதும். கடை, வங்கி மாதிரி ஒன்றுக்கு என்றால் கணக்குகளை மட்டும் கொட்லினில் வைத்துக்கொண்டு ஐபோன் திரைகளை ஆப்பிளின் சொந்தத் திரைக் கருவியான ஸ்விஃப்ட்யூஐயில் எழுதுவேன், இந்தக் கருவி அதற்கும் இடம் விடுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் கொட்லின் கோட் ஆப்பிளின் பழைய மொழியான ஒப்ஜெக்டிவ்-சி வேடம் போட்டுக்கொண்டுதான் ஸ்விஃப்டுக்குத் தெரியும், நாம் கொடுக்காவிட்டால் தானே நிரம்பும் டிஃபோல்ட் ஆர்கியூமென்ட்கள் எல்லாம் வழியில் காணாமல் போகும். நேரே ஸ்விஃப்டாகத் தருகிற வேலை நடக்கிறது, நான் பார்த்தபோது பரிசோதனை நிலையில்தான் இருந்தது.

இனிக் காசுக் கதை. விண்டோஸ் லப்டொப்பில் அன்ட்ரொய்ட் பக்கம் முழுவதையும் செய்யலாம், டெஸ்க்டொப்பையும் ஒரு இலக்காகச் சேர்த்தால் ஹொட் ரீலோட் வேறு கிடைக்கிறது, திரையை மாற்ற மாற்ற அப்படியே தெரியும். ஐபோன் செயலியைக் கட்டவோ சிமுலேட்டரில் பார்க்கவோ மக் வேண்டும், ஆப்பிளின் செயலி கட்டும் மென்பொருளான எக்ஸ்கோட் வேண்டும், அதில் எந்தக் கருவியும் நமக்கு விலக்கு வாங்கித் தரப்போவதில்லை. ஒரு நண்பனின் மக் மினியில்தான் என் வேலை ஓடியது. முதல் பில்டுக்குக் கம்பைலரை இறக்கவே டேட்டா கரைகிறது, நல்ல இணைப்பு இருக்கிற இடத்தில் தொடங்குங்கள். 8 ஜிபி ரம் உள்ள மெஷின் என்றால் பில்ட் எடுக்கும் கிரேடிலோடு எக்ஸ்கோடையும் ஒன்றாகத் திறக்கவேண்டாம், இரண்டும் சேர்ந்து மெஷினை முடக்கிவிடும். மக் இல்லாதவர்கள் இணையத்திலுள்ள மெஷினில் வேலையை ஓட்டும் கிட்ஹப் அக்‌ஷன்ஸில் பில்ட் எடுக்கலாம், கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும் பொது ரெப்போவுக்குக் காசில்லை, ஆனால் ஒரு திரை ஏன் வெள்ளையாக நிற்கிறது என்று தேடுகிற வேலையை அப்படிச் செய்யமுடியாது.

அதனால் யாருக்கு இது? ஏற்கெனவே கொட்லின் எழுதுகிறவர், ஒரு மக்கைத் தொடக் கிடைக்கிறவர், தனியாகவோ இரண்டு பேராகவோ வேலை செய்கிறவர். இதில் தேவைப்படாமல் போவது ஐபோனுக்கென்று தேடவேண்டிய இன்னொரு ஆள், யாழ்ப்பாணத்தில் அந்த ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். டார்ட்டில் ஏற்கெனவே கை ஓடுகிறவர் மாறுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கூகுள் பிளேயில் 25 டொலர் ஒருமுறை கட்டினால் சரி, அன்ட்ரொய்ட் பக்கம் போட்டாயிற்று. ஆப்பிளுக்கு வருடம் 99 டொலர், நம் காசில் முப்பதாயிரம் அளவில், அதை ஒவ்வொரு வருடமும் கட்டவேண்டும். காசைக் கனடாக்காரர் உடனே ஒப்புக்கொண்டார்கள். கணக்கைச் சபையின் பெயரில் திறப்பதா, அவர்களில் ஒருவர் பெயரில் திறப்பதா என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.