நாடக விமர்சனம் எழுதப் போகிறவர்களுக்கு

எம்.ஏ. தமிழில் நாடகவியல் தாளுக்கு, நேரில் பார்த்த ஒரு நாடகத்தை விமர்சித்து எழுதித் தரச் சொல்வார்கள். ஜூனியர்கள் என்னிடம் காட்டுகிற வரைவுகளில் முக்கால்வாசி கதைச்சுருக்கம்தான். கடைசியில் "நடிகர்கள் தத்ரூபமாக நடித்தனர், ஒளியமைப்பு சிறப்பு" என்று இரண்டு வரி. நாடகத்தையே புத்தகமாகப் படித்து வளர்ந்தவர்கள் நாம். 1891இல் வந்த மனோன்மணீயம் நடிப்பதைவிடப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட செய்யுள் நாடகம். அந்தப் பழக்கத்தில் மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாலும் காது வசனத்தை மட்டும்தான் தேடும். கதை எங்கேயும் ஓடிப்போகாது மக்களே, நாலு வரியில் முடித்துவிடுங்கள். அன்றைக்கு ராத்திரி அந்த மேடையில் நடந்தது என்ன, அது உங்களை என்ன செய்தது, ஏன் செய்தது, இதுதான் விமர்சனம்.

நான் எடுத்துக்கொண்டது குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், சர்ச்சின் பங்குத் திருவிழா மேடையில் போட்ட ஒக்கி புயல் நாடகம். அதில் கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மா, ஒரு சட்டையை மடித்து வைப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். வயர்லெஸ்ஸில் கரகரவென்று சத்தம் வந்ததும் பாதி மடிப்பில் கை நின்றுவிடும், அப்புறம் அந்தக் காட்சி முடியும்வரை சட்டை அப்படியே கையில் தொங்கும், வசனமே கிடையாது. "தாயின் துயரை அருமையாக வெளிப்படுத்தினார்" என்று எழுதினால் இதில் ஒன்றுமே வாசிப்பவருக்குப் போய்ச் சேராது. கை நின்றதை எழுதுங்கள், துயரம் தானாக வரும்.

பார்வையாளர்களையும் விடாதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. சட்டைக் காட்சியில் முன்வரிசைப் பெண்கள் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இதே நாடகத்தை நாகர்கோவிலில் ஏசி ஹாலில் போட்டால் அது வேறு நாடகம்.

அதற்காகப் பாராட்டு மழையும் பொழிய வேண்டாம். ஸ்பீக்கரில் ஓடவிட்ட காற்றுச் சத்தம் பல இடங்களில் வசனத்தை விழுங்கியது. அதைவிட எனக்கு உறுத்தியது, கடற்கரைப் பேச்சில் ஆரம்பித்த பாத்திரங்கள் உணர்ச்சி கூடும்போதெல்லாம் மேடைத்தமிழுக்குத் தாவியது. இரண்டையும் எந்தக் காட்சி, என்ன கெட்டது என்று சொல்லி எழுதினேன். காரணம் சொன்னால் குறை சொல்வதை எந்த ஆசிரியரும் தப்பாக எடுப்பதில்லை, "இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்" என்ற மொட்டை வரிதான் மார்க்கைக் குறைக்கும்.

சிலர் தோல்பாவைக்கூத்து எடுப்பீர்கள், தோலில் செய்த பாவைகளைத் திரையில் நிழலாக ஆட்டுகிற கூத்து, நம் மாவட்டத்தில் அது நல்ல தேர்வு. ஆனால் அதை மேடை நடிப்பின் அளவுகோலை வைத்துப் பார்க்காதீர்கள். திரைக்குப் பின்னால் ஒருவரே பாவைகளை ஆட்டி, அத்தனை பேருக்கும் குரல் கொடுக்கிறார். ராமனிலிருந்து கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் எப்படி மாறுகிறது, பாவை திரைத்துணியோடு ஒட்டும்போதும் விலகும்போதும் உருவம் என்ன ஆகிறது, ராமாயணத்துக்கு நடுவில் உள்ளூர் விஷயம் எந்த இடத்தில் நுழைகிறது, இதையெல்லாம் கவனியுங்கள். முடிந்தால் ஆட்டம் முடிந்தபின் கலைஞரிடம் அனுமதி கேட்டுத் திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

குறிப்பு எடுக்க செல்போன் வேண்டாம், வெளிச்சம் அடுத்தவர் கண்ணில் அடிக்கும். சின்ன நோட்டில் ஒற்றைச் சொற்களாகக் கிறுக்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டில் விரித்து எழுதிவிடுங்கள், தூங்கி எழுந்தால் கதைதான் மிஞ்சும். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் முதலில் கேட்டதே அதுதான், பக்கவாட்டிலிருந்து பார்த்தவனுக்கு மேடையின் ஒரு மூலை தெரிந்திருக்காது இல்லையா.