லிங்க்ஸை வேட்டியால் அளந்த கதை

ஊரில் இருக்கும் எங்கள் புஞ்சைக்குப் பழைய புலப்படம் ஒன்று கிடைத்தது. கிழக்கு வரப்பின் மேல் 212 என்று மட்டும் எழுதியிருந்தது, பக்கத்தில் அடியா மீட்டரா என்று ஒன்றும் இல்லை. நான் பாட்டுக்கு அடி என்று எடுத்துக்கொண்டு வேலிக்கம்பிக்குக் கணக்குப் போட்டு, விலை வரைக்கும் பேசிவிட்டேன். முப்பது வருடம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்த அப்பாதான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த வரப்பு எங்கப்பா இருநூறு அடி வரும்? நூறு முழமே தேறாது" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அந்த 212, லிங்க்ஸ். பழைய புலப்படங்களில் பக்க அளவெல்லாம் கன்டர் சங்கிலிக் கணக்கு. எட்மண்ட் கன்டர் என்கிற ஆங்கிலேயர் 1620 வாக்கில் கொண்டுவந்த சங்கிலி அது: நீளம் 66 அடி, அதில் 100 லிங்க்ஸ், ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்றால், பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர். நாம் பத்திரத்தில் எழுதும் சென்ட்டும் அதே வழியில் வந்ததுதான், 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட்.

எனக்கு ஆச்சரியம், இந்தக் கோணல் சங்கிலி துணிக்கடை அளவுக்குள் எவ்வளவு சுத்தமாக உட்காருகிறது என்பதில். முழம் 18 அங்குலம், கெஜம் 36. அப்படியானால் ஒரு சங்கிலி 44 முழம், 22 கெஜம், மிச்சமே கிடையாது. லிங்க்ஸை 0.44-ஆல் பெருக்கினால் முழம், 0.22-ஆல் பெருக்கினால் கெஜம், அவ்வளவுதான். 212 லிங்க்ஸ் 93.28 முழம், அதாவது கிட்டத்தட்ட 140 அடி. எட்டு முழ வேட்டி சங்கிலிக்கு ஐந்தரை, எங்கள் வரப்புக்குப் பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. நம்பாமல் நானும் தம்பியும் ஒரு வேட்டியை வரப்பில் விரித்து விரித்து அளந்தோம் (பக்கத்து வயல்காரர் என்ன நினைத்தாரோ). கிட்டத்தட்ட பன்னிரண்டு வந்தது. கணக்கு தப்பிவிட்டதோ என்று பார்த்தால், வேட்டியின் சீட்டில் 3.60 மீட்டர் என்று இருக்கிறது. உண்மையான எட்டு முழம் 3.66 மீட்டர். ஒரு வேட்டிக்கு ஆறு சென்டிமீட்டர் போல அடிபடுகிறது, அப்பா இதைக் கேட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

இதில் பெரிய பொறி கெஜம்தான். புடவைக் கெஜம் 36 அங்குலம், ஒன்பது கெஜம் என்றால் 8.23 மீட்டர். ஆனால் வட இந்திய நில அளவையில் வரும் கெஜம் வேறு, அக்பர் காலத்து இலாஹி கெஜத்தின் வாரிசு, கம்பெனி ஆட்சியில் அதை 33 அங்குலமாக நிலைப்படுத்தினார்கள். அந்தக் கெஜத்தில் சங்கிலிக்கு 24 வரும். இரண்டுக்கும் ஒரே பெயர், வித்தியாசமோ மூன்று அங்குலம். பழைய ஆவணத்தில் கெஜம் என்று பார்த்தால் துணியா நிலமா, எந்த ஊர் என்று கேட்காமல் பெருக்கக் கூடாது. சங்கிலியும் எல்லாம் ஒரே நீளமில்லை. 1802-ல் லாம்டன் என்கிற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலைப் பக்கம் தன் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். பிறகு வந்த மெட்ரிக் சங்கிலி 20 மீட்டர், கன்டருடையதோ 20.1168 மீட்டர். ஏறக்குறைய ஒன்றுதானே என்று விட்டால் எங்கள் வரப்பிலேயே கால் மீட்டர் போய்விடும்.

ஆங்கிலேயர்களின் பழைய துணி அளவிலும் இதே கூத்துதான். அவர்கள் கெஜத்தை நான்காக வகுத்து ஒவ்வொன்றையும் குவார்ட்டர் என்றார்கள், ஒன்பது அங்குலம், அதாவது நம் சாண். எல் என்று ஒரு அளவு, இங்கிலாந்தில் அது ஐந்து சாண், பிளெமிஷ்காரர்களுக்கு மூன்று சாண். சங்கிலிக்கு இங்கிலாந்து எல் 17.6 வருகிறது. முழம் எவ்வளவோ தேவலை.

கடைசியில் கம்பிக்கடையில் மீட்டரில்தான் கேட்டார்கள். 42.65 என்றேன். அப்பா குறுக்கே வந்து, "இழைக்கு நாப்பத்து மூணரையா வெட்டுங்க, மூலையில மடிச்சுக் கட்டணும்ல" என்றார்.