கல்வீட்டுக்குள் இருக்கும் வறுமை

நோயாளி, குழந்தை, உழைக்க இயலாதவர், முதியவர் ஆகிய எவரும் கைவிடப்படாதபடி ஒவ்வொரு நாடும் ஓர் அடிப்படைச் சமூகப் பாதுகாப்பை அமைக்கவேண்டும் எனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 2012இல் பரிந்துரைத்தது. ஆயினும் 2023இல்கூட ஏறத்தாழ 380 கோடிப் பேர் எந்தக் கொடுப்பனவும் இன்றி இருந்ததாக அதன் அறிக்கையே கூறுகிறது.

இலங்கையில் இலவச மருத்துவம் நமக்கு வாய்த்திருக்கிறது (மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தரும் நாட்களைத் தவிர்த்து). இடர்ப்பாடு வருமானத்தில்தான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் நாட்கூலிக்கு மீன் வெட்டும் பெண்ணுக்கும், பனையேறியே முழங்கால் தேய்ந்த சீவல் தொழிலாளிக்கும் முதுமைக்கெனச் சேரும் ஊழியர் சேமலாப நிதி என்ற ஒன்று இல்லை.

2023இல் தொடங்கிய அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும, வீடு, சொத்து, மின்சாரப் பாவனை முதலியவற்றைக் கொண்டு வறுமையை அளக்கிறது. போருக்குப் பின்னர் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சீமெந்து வீட்டில், பூசாத சுவர்களுக்கிடையே, அரைக் கிலோ அரிசியைக் கடனுக்கு வாங்கிச் சமைக்கும் கணவனை இழந்த பெண், அந்த அளவுகோலில் வசதியுள்ளவராகத் தோன்றக்கூடும். பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டுக்காகப் பொலித்தீன் பையில் ஆவணங்களைச் சுமந்து நிற்பவர்களுள் பலர் இத்தகையோரே என்பது என் எண்ணம்.

எனவே முதியோருக்காவது இந்தச் சல்லடை வேண்டாம் என்பேன். நம்மைவிட வசதி குறைந்த நேபாளம், வருமானம் பாராத முதியோர் கொடுப்பனவை 1990களிலேயே தொடங்கிவிட்டது.